மீதிச் சில்லறை யாருக்கு?

போன இதழில் ஏதோ ஒரு பதிலில், போகிற போக்கில், "கும்பகோணத்தில் காபி குடித்துவிட்டு டவராவுக்கு அடியில் பத்து ரூபாய் வைத்துவிட்டு வந்தேன்" என்று எழுதியிருந்தேன். காபி எப்படி இருந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பத்து ரூபாயைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை கடிதங்கள். சரி, இந்த இதழ் முழுக்க டிப்ஸ். முடி உதிர்தலும் மாமியாரும் அடுத்த இதழில்.

டெல்லியில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு மாற்றலாகித் தஞ்சாவூர் வந்திருக்கிறேன். அங்கே பில்லில் பத்து சதவீதம் வைப்பது பழக்கம். இங்கே குடும்பத்தோடு சாப்பிட்டு, 840 ரூபாய் பில்லுக்கு எண்பது ரூபாயை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினால், சர்வர் வாசல் வரை ஓடிவந்து "சார், காசை விட்டுட்டுப் போறீங்க" என்று கையில் திணிக்கிறார். ஊருக்கு ஊர் கணக்கு மாறுமா?
– வங்கி அதிகாரி, தஞ்சாவூர்

மாறும் சார். ஆனால் டெல்லி, தஞ்சாவூர் என்று பிரிப்பதைவிட, கல்லா எங்கே இருக்கிறது, காசை யார் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள் என்று பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

நீங்கள் டெல்லியில் போன இடங்களில் பில் ஒரு தோல் அட்டைக்குள் வந்திருக்கும், நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே காசு வைத்திருப்பீர்கள், சர்வர் எடுத்துப் போய் மீதி கொண்டுவந்திருப்பார். கூடவே ஒரு கிண்ணத்தில் சோம்பும் கற்கண்டும். கை சோம்புக்குப் போகிற நேரத்தில் கண் மீதிச் சில்லறை மேல் விழும், சர்வர் இரண்டடி தள்ளி எங்கோ பார்க்கிற மாதிரி நிற்பார். அந்த இடத்தில் முழுக் காசையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு எழுந்துபோக ஒரு தனி மனத்திடம் வேண்டும். விவரமான சர்வர் ஐம்பது ரூபாய் மீதியை ஒரே நோட்டாகக் கொண்டுவரவும் மாட்டார். நாலு பத்தும் இரண்டு ஐந்துமாகத்தான் வரும். அதே டெல்லியில் சாலையோர டாபாவில் தால், ரொட்டி சாப்பிட்டுவிட்டு யாரும் பத்து சதவீதம் கணக்குப் போடுவதில்லை.

நம்ம பக்கம் பெரும்பாலான ஹோட்டலில் சர்வர் ஒரு சீட்டைக் கிழித்து மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். நீங்கள் கைகழுவி, சீட்டோடு கல்லாவுக்குப் போய், முதலாளியிடமோ அவர் மச்சானிடமோ காசு கொடுத்து, மீதியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறீர்கள். சர்வர் அதற்குள் வேறு மேஜையில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருப்பார். அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்றால் எழுந்திருக்கும் முன்பே டம்ளருக்கு அடியில் வைக்க வேண்டும், இல்லையென்றால் கல்லாவிலிருந்து திரும்பி வந்து அவரைத் தேட வேண்டும். எத்தனை பேர் திரும்பி வருவார்கள்? அதனால்தான் இங்கே சதவீதம் என்ற பேச்சே வளரவில்லை. ஐந்து, பத்து, குடும்பமாகப் போனால் இருபது, அவ்வளவுதான் வழக்கம். உங்கள் எண்பது ரூபாய் அவருக்கு டிப்ஸாகவே தெரியவில்லை, மறந்துவிட்டுப் போன காசாகத்தான் தெரிந்திருக்கிறது. ஓடிவந்து கொடுத்தாரே, அந்த மனுஷனுக்கே அடுத்த தடவை ஐம்பது ரூபாயைக் கையில் கொடுத்து "உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லிக் கொடுத்தால் ஓடிவர மாட்டார்.

இதில் எனக்குக் கொஞ்சம் சொந்த அனுபவம் உண்டு. பத்தாவது முடித்த விடுமுறையில் தொடங்கி அடுத்த ஒரு வருஷம், மாயவரத்தில் (அப்போது யாரும் மயிலாடுதுறை என்று சொல்ல மாட்டார்கள்) தூரத்து மாமா ஒருவரின் ஹோட்டலில், மதியமும் லீவு நாட்களிலும் இலை போட்டுத் தண்ணீர் வைப்பது என் வேலை. நாலணா, எட்டணா காலம். அங்கே நான் கற்றுக்கொண்டது, டிப்ஸ் ஊருக்கு ஊர் மட்டுமில்லை, மாதத்துக்கு மாதமும் மாறும் என்பது. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து நெல் காசு கையில் வந்திருக்கும்போது, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவர் ஒரு ரூபாய் நாணயத்தை மேஜையில் 'டக்'கென்று சத்தம் வரும்படி வைப்பார். நாலு பேருக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அந்தச் சத்தம். ஐப்பசி அடைமழையில் அதே ஆள், அதே மேஜை, காபியை மட்டும் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போவார். எங்களுக்கும் தெரியும், அதனால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மட்டும் வெயிலோ மழையோ, வாரத்தில் சனிக்கிழமை ஒரு நாள், சரியாக எட்டணா. மாதச் சம்பளக்காரர் டிப்ஸும் மாதச் சம்பளம் மாதிரியே வரும்.

ஜிபே வந்தபிறகு கையில் காசே வைத்துக்கொள்வதில்லை. சர்வருக்குக் கொடுக்க மனசு இருக்கிறது, வழி தெரியவில்லை. என்ன செய்யலாம் அண்ணா?
– கல்லூரி மாணவி, திருவாரூர்

நியாயமான கேள்விம்மா. நம்ம ஊர் டிப்ஸ் எப்போதுமே மீதிச் சில்லறைதான். 92 ரூபாய் பில், நூறு ரூபாய் நோட்டு, எட்டு ரூபாய் சர்வருக்கு. யாரும் மனசில் 'டிப்ஸ் கொடுக்கிறேன்' என்று நினைத்துக்கூடச் செய்ததில்லை, எட்டு ரூபாயை எடுத்து என்ன பண்ணுவது என்ற அலட்சியத்தில் விழுந்த காசுதான் அது. 2016ல் யுபிஐ வந்தது, அதே வருஷம் நவம்பரில் நோட்டு செல்லாமல் போனது, அப்புறம் கொரோனா வந்து காசைத் தொடவே பயந்தோம். இப்போது 92 ரூபாய் பில்லுக்கு 92 ரூபாய்தான் போகிறது. வாடிக்கையாளருக்கும் நஷ்டமில்லை, முதலாளிக்கும் நஷ்டமில்லை, அந்த எட்டு ரூபாய் மட்டும் யாருக்கும் தெரியாமல் காணாமல் போய்விட்டது.

கல்லாவில் ஒட்டியிருக்கும் அட்டையில் நூறாகப் போட்டால் சர்வருக்குப் போய்ச் சேரும் என்று நம்பாதே, அது முதலாளி கணக்கு. கூச்சப்படாமல் "அண்ணே, உங்க நம்பர் இருக்கா?" என்று கேட்டால் இப்போதெல்லாம் பலர் போனை எடுத்து நீட்டுவார்கள். அதைவிட எளிது, பைக்குள் பத்து ரூபாய் நோட்டு நாலைந்து தனியாக வைத்துக்கொள். நோட்டு என்று அழுத்திச் சொல்கிறேன். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று நம்ம பக்கம் ஒரு வதந்தி ஊன்றிப்போய், ரிசர்வ் வங்கி செல்லும் செல்லும் என்று சொல்லியும் சில கடைகளில் இன்னும் முகத்தைச் சுளிக்கிறார்கள். தெரிந்த சர்வர் ஒருவர் ஒரு நாள் கிடைத்த நாலு நாணயத்தோடு பஸ் ஏறி, கண்டக்டரோடு பூந்தோட்டம் வரை சண்டை போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் சவாரிக்காரர்களோடு சாப்பிட்டேன். பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று பத்து சதவீதம் போட்டிருந்தார்கள். அதைக் கட்டிவிட்டு சர்வருக்கும் தனியாகக் கொடுக்க வேண்டுமா?
– கார் டிரைவர், நாகப்பட்டினம்

அதைக் கட்டவே வேண்டியதில்லை தம்பி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று தெளிவாகச் சொல்லிவிட்டது, ஹோட்டல்கள் சர்வீஸ் சார்ஜைத் தாங்களாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயர் வைத்தும் வாங்கக் கூடாது என்று. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன, நடுவில் தடையும் வாங்கின, கடைசியில் 2025 மார்ச் 28ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழக்குகளைத் தள்ளுபடி செய்துவிட்டது.

இதில் ஒரு குட்டிக் கணக்கு இருக்கிறது. 600 ரூபாய்க்குச் சாப்பிட்டால் ஐந்து சதவீத ஜிஎஸ்டியோடு 630. சர்வீஸ் சார்ஜ் 60 சேர்த்து, 660க்கு ஜிஎஸ்டி போட்டால் 693. அதாவது நீங்கள் கேட்காத அன்பளிப்புக்கு நீங்களே வரியும் கட்டுகிறீர்கள். அந்த 60 ரூபாயில் சர்வர் கைக்கு எவ்வளவு போகும் என்பது முதலாளிக்கே வெளிச்சம்.

சத்தம் போட வேண்டாம். "இதை எடுத்துடுங்க" என்று மேனேஜரிடம் மெதுவாகச் சொன்னால் பல இடங்களில் அடுத்த நிமிஷம் புதுப் பில் வந்துவிடும். முரண்டு பிடித்தால் 1915க்குப் போன் போட்டு நுகர்வோர் உதவி மையத்தில் புகார் சொல்லலாம். போன வருஷம் ஒரு ஹோட்டலில், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், நானே பில்லைப் பார்க்காமல் சர்வீஸ் சார்ஜும் கட்டி, அதற்கு மேல் ஐம்பது ரூபாய் டிப்ஸும் வைத்துவிட்டு வந்து, வீட்டில் பில்லைப் பார்த்த மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இத்தனை வருஷமாகப் பதில் எழுதுகிறவன் நிலைமை இது.

எடுக்கச் சொல்லிவிட்டு சர்வருக்கு மட்டும் இருபது, முப்பது கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர் மேல் தப்பில்லை.

பெங்களூரில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது தினமும் வெளியில்தான் டிபன். யாருமே டிப்ஸ் வைக்கவில்லை. கன்னடக்காரர்கள் கருமிகளா?
– இல்லத்தரசி, வலங்கைமான்

ஐயோ அம்மா, அப்படியெல்லாம் சொல்லிவிடாதீர்கள், ஏற்கெனவே காவிரித் தண்ணீரில் ஆயிரம் வழக்கு. நீங்கள் போனது தர்ஷினி மாதிரிக் கடையாக இருக்கும். கல்லாவில் காசு கட்டிச் சீட்டு வாங்கி, நீங்களே தட்டை எடுத்துக்கொண்டு, நின்றபடியே சாப்பிட்டுப் போகும் கடை. 1980களில் அங்கே கிளம்பிய முறை, இப்போது நகரம் முழுக்க அதுதான். பரிமாற ஆளே இல்லாத இடத்தில் யாருக்கு டிப்ஸ் வைப்பது? அதே ஊரில் உட்கார்ந்து மசால் தோசை சாப்பிடும் பழைய ஹோட்டல்களில் போய்ப் பாருங்கள், மேஜையில் சில்லறை கிடக்கும்.

இன்னொரு பக்கம் கேரளம். அங்கே இந்தியன் காபி ஹவுஸில் விசிறித் தலைப்பாகை கட்டிய ஒருவர் கட்லெட் கொண்டுவந்து வைப்பார் பாருங்கள், அவர் வெறும் சர்வர் இல்லை, கடையில் அவருக்கும் பங்கு. 1950களின் கடைசியில் காபி போர்டு கடைகளை மூடி ஆட்களை வெளியே அனுப்பியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் முன்னின்று, வேலை போனவர்களே கூட்டுறவுச் சங்கம் வைத்து நடத்த ஆரம்பித்த கடைகள் அவை. முதலில் போனபோது எனக்கு அது தெரியாது, ஐந்து ரூபாயை வைத்துவிட்டு வந்தேன், அவரும் எடுத்துக்கொண்டார். தெரிந்த பிறகு வைக்கக் கை கூசுகிறது, வைக்காமல் வரவும் கூசுகிறது.

எனக்கு ஒரு பையன் டெக்சாஸில், ஒரு பெண் கலிபோர்னியாவில். இரண்டு வீட்டிலும் ஹோட்டலுக்குப் போனால் இருபது சதவீதம் வைக்கிறார்கள். வயிறு எரிகிறது. நம்ம ஊர்ப் பணத்தில் அது ஒரு வாரக் காய்கறிச் செலவு. இது என்ன நியாயம்?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, மன்னார்குடி

டீச்சர், முதலில் ரூபாயில் மாற்றிப் பார்ப்பதை நிறுத்துங்கள், இல்லையென்றால் அங்கே தண்ணீர்கூடக் குடிக்க முடியாது.

உங்கள் பிள்ளைகள் இருக்கும் இரண்டு மாநிலத்துக்கும் சட்டம் வேறு வேறு. அமெரிக்க மத்திய சட்டப்படி, டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். 1991லிருந்து அந்தத் தொகை மாறவேயில்லை. டிப்ஸையும் சேர்த்துக் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலர் வரவில்லை என்றால்தான் குறைவதை முதலாளி ஈடுகட்ட வேண்டும். டெக்சாஸில் இந்தக் கணக்குதான். அங்கே உங்கள் பையன் வைக்கிற இருபது சதவீதத்துக்கு அன்பளிப்பு என்று பேர், ஆனால் அதுதான் பரிமாறுகிற பெண்ணின் சம்பளம். வைக்காமல் வந்தால் உங்களுக்குச் சும்மா வேலை செய்த மாதிரிதான்.

கலிபோர்னியாவில் அப்படி இல்லை. அங்கே டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்கக் கூடாது, 16 டாலருக்கு மேல் முழுக் கூலியும் கொடுத்தாக வேண்டும். அப்படியும் பழக்கம் போகவில்லை, உங்கள் பெண்ணும் அதே இருபதைத்தான் வைக்கிறாள். வீட்டு வாடகை விற்கிற விலையில் அந்தக் கூலியும் பற்றாது என்று அவள் சொல்வாள், அதுவும் உண்மைதான். அதனால் வயிறு எரிந்தே ஆக வேண்டும் என்றால் கலிபோர்னியாவில் மட்டும் கொஞ்சம் எரியட்டும், டெக்சாஸில் வேண்டாம்.

ஹோட்டல் நடத்துகிறேன். சர்வர்களுக்குள் டிப்ஸ் தகராறு ஓயவில்லை. ஏசி ஹாலில் நிற்பவனுக்கு நூற்றைம்பது, வெளி ஹாலில் நிற்பவனுக்கு முப்பது. டேபிள் துடைக்கும் அசாம் பையன்களுக்கு ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் நானே வாங்கிச் சம்பளத்தில் சரிக்கட்டிவிடலாமா என்று பார்க்கிறேன்.
– ஹோட்டல் உரிமையாளர், கும்பகோணம்

எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்ப்பது நல்ல யோசனை. சம்பளத்தில் சரிக்கட்டுவது வேண்டாம் ஐயா.

டிப்ஸைச் சேர்த்துப் பிரிப்பது பல கடைகளில் நடக்கிறது. கல்லா பக்கத்தில் ஒரு உண்டியல் வைத்து, சனிக்கிழமை இரவு கடை சாத்தியபிறகு எல்லோர் முன்னாலும் கொட்டி எண்ணி, சர்வருக்கு இவ்வளவு, இலை எடுப்பவருக்கு இவ்வளவு, சமையல் கட்டுக்கு இவ்வளவு என்று பங்கு வைக்கலாம். சாவி உங்களிடம் இருக்கக் கூடாது. அவர்களுக்குள் மூத்தவர் ஒருவர் வைத்துக்கொள்ளட்டும். ஏசி ஹாலையும் வெளி ஹாலையும் வாரத்துக்கு ஒரு முறை மாற்றி விடுங்கள், பாதி தகராறு அங்கேயே தீரும். நவக்கிரகக் கோயில் சுற்ற வருகிற வெளியூர்க் கூட்டம் ஏசி ஹாலில்தான் உட்காரும், அவர்களுக்குத்தான் தாராளமாக வைக்கும் பழக்கம். உள்ளூர்க்காரன் வெளியில் உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு "பார்க்கலாம்பா" என்று போய்விடுவான், நானும் அதில் ஒருத்தன்.

அசாம் பையன்கள் விஷயம் உங்கள் கடையில் மட்டுமில்லை. அவர்களுக்கு நம் வாடிக்கையாளரிடம் நின்று இரண்டு வார்த்தை பேச மொழி இல்லை, பேச்சில்தான் பாதி டிப்ஸ் இருக்கிறது. "சார், இன்னிக்கு கடப்பா இருக்கு, கொண்டு வரட்டுமா?" என்று கேட்கிற சர்வருக்கு விழுகிற காசு, குனிந்து இலை எடுக்கிற பையனுக்கு விழாது. அதனால்தான் உண்டியல் என்கிறேன்.

ஆனால் சம்பளத்தில் சரிக்கட்டுவது என்கிறீர்களே, அது தப்பு. குறைந்தபட்ச ஊதியம் நீங்கள் கொடுக்க வேண்டியது, டிப்ஸைக் காட்டி அதில் கைவைக்க நம் சட்டத்தில் இடமில்லை. கார்டு மூலம் வசூலாகி ஹோட்டல் வழியாகப் போகிற டிப்ஸ்கூட முதலாளி கொடுக்கும் சம்பளம் ஆகாது என்று 2016ல் உச்ச நீதிமன்றம் வருமான வரி வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது. அது சாப்பிட வந்தவன் கொடுத்த காசு, நீங்கள் நடுவில் கைமாற்றிவிடுகிறவர், அவ்வளவுதான். அதோடு இந்த மண்ணில் கூலிக்கும் இனாமுக்கும் வித்தியாசம் சொல்லித்தர வேண்டியதில்லை. கூலிப் பிரச்சினை முற்றித்தான் 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்துபோனார்கள். காபிக் கடைப் பேச்சில் அதை இழுப்பது அதிகம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்குச் சம்பளத்தைக் குறைக்கிற பேச்சைக் கேட்டால் அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

பெண் கல்யாணம் தை மாதம். சமையல், பந்தி எல்லாம் கான்ட்ராக்ட். பரிமாற வருகிறவர்களுக்குத் தனியாக ஏதாவது கொடுக்க வேண்டுமா?
– பெண்ணைப் பெற்றவர், மயிலாடுதுறை

கட்டாயம் இல்லை, வழக்கம் உண்டு. சமையல்காரருக்கு வேட்டி துண்டோடு வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பந்தி பரிமாற வருவது இப்போதெல்லாம் பாதிப்பேர் காலேஜ் பையன்கள், நாள் கூலி. கான்ட்ராக்டர் கையில் மொத்தமாகக் கொடுத்து "பிரிச்சுக் குடுங்க" என்றால் பிரிவது சந்தேகம். தாலி கட்டி, கடைசிப் பந்தியும் முடிந்து, அவர்களே இலை போட்டுச் சாப்பிட உட்காருவார்களே, மூன்று மணி சுமாருக்கு, அப்போது பெண்ணின் தாய்மாமனை ஒரு கட்டுப் புது நோட்டோடு அனுப்பி வரிசையாகக் கொடுக்கச் சொல்லுங்கள். மண்டபத்துப் பின்பக்கம் பாத்திரம் தேய்க்கிற அம்மாக்களையும் மறக்க வேண்டாம், அவர்கள் பந்தியில் உட்கார மாட்டார்கள், தேடிப்போய்க் கொடுக்க வேண்டும்.

வீட்டிலேயே மெஸ் நடத்தும் ஒரு அக்காவிடம் மூன்று வருஷமாகச் சாப்பிடுகிறேன். டிப்ஸ் வைத்தால் கோபம் வருகிறது. என்ன செய்ய?
– தனிக்கட்டை, திருவையாறு

வைக்காதீர்கள். மாதக் காசை ஒன்றாம் தேதியே கொடுத்துவிடுங்கள், சாப்பிட வராத நாளை முதல் நாளே சொல்லிவிடுங்கள், அது போதும். நானும் இப்படி ஓர் அக்காவிடம் சாப்பிட்டவன்தான். ஒரு நாள் தெரியாமல் இருபது ரூபாயை இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். ஒன்றும் பேசாமல் எடுத்துக்கொண்டார். படியிறங்கும்போது "தம்பி, நில்லு" என்று கூப்பிட்டு, எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்தார். வாசலில் பிரித்துப் பார்த்தேன், நாலு வடை. வடை அப்போது ஐந்து ரூபாய்.